திரைக்குக் கீழே தெரியுமே சலங்கை!

கூத்து பார்க்கப் போனால் களரிக்கு எதிரே பாய் விரித்து உட்காருகிற ரகம் இல்லை நான். சின்ன வயதிலிருந்தே என் இடம் வேஷக் கொட்டாய்க்குப் பின்புறம். ஓலைத் தட்டியில் எனக்காகவே போட்டு வைத்ததுபோல் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாகத்தான் துரியோதனன் பீடி பற்ற வைத்ததைப் பார்த்தேன். பாஞ்சாலி லுங்கியோடு உட்கார்ந்து சவரம் செய்துகொண்டதைப் பார்த்தேன். புஜக்கட்டையை இறுக்கிக் கட்டும்போது கர்ண மகாராஜா "ஐயோ, மெதுவாடா" என்று அலறியதைக் கேட்டேன். அப்புறம் வெளியே ஓடிவந்து அதே கர்ணனைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். ரகசியம் தெரிந்தபின் சிலிர்ப்பு குறையும் என்பார்கள். எனக்கு இரட்டிப்பாகும்!

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் திரை நுழைவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார். முகம் தெரியாது, கிரீடம் தெரியாது. துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். அந்தக் கால் ஒரு தட்டு தட்டியதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அந்தத் துணிக்குப் பின்னால் நடப்பதைத்தான் இந்த முறை ஒரு தையல் கடையில் எட்டிப் பார்த்தேன்.

திண்டிவனத்தில் என் அத்தை, அப்பாவின் அக்கா, முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கிறார். கடை என்பது வீட்டுத் திண்ணையும் அதை ஒட்டிய அறையும்தான். நான்கு வருஷத்துக்கு முன் வலது மார்பில் ஒரு கட்டி. புதுச்சேரியில் ஆபரேஷன். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, அதற்குப் பிறகு கதிர்வீச்சு, எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் 'கரன்ட் வைத்தது'. எல்லாம் முடிந்த நாளில் அத்தையின் கையில் ஒரு சீட்டும் காதில் ஒரு வாக்கியமும் கிடைத்தன: "இனிமே வழக்கம்போல இருக்கலாம்மா. லேசான வேலை மட்டும் செய்யுங்க."

லேசான வேலை! இந்த இரண்டு சொல்லைப் போல ஏமாற்றுகிற சொல் தமிழில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி அத்தைக்கு லேசான வேலை எது என்று முடிவு செய்தார்கள். மெஷின் மிதிக்க வேண்டாம், துணி வெட்ட வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் ஹூக் கட்டட்டும், காஜா எடுக்கட்டும், ஹெம்மிங் பண்ணட்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அத்தை ஊசியை எடுத்தார். ஊசி கையில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை. மார்பகப் புற்றுக்குத் தருகிற டாக்ஸேன் வகை மருந்துகள் விரல் நுனி நரம்புகளைத் தொட்டுவிட்டுப் போவதுண்டு. மரத்துப்போகும், குத்தும், பலருக்கு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு வருஷக்கணக்கில். ஆக, வேலையிலேயே லேசானது என்று எல்லோரும் கொடுத்தது அத்தையின் விரலுக்கு மலையைத் தூக்குகிற வேலை. கூடாது என்று தடுத்த மெஷினில் நேர்த்தையல் போடுவதுதான் முதலில் கைக்கு வந்தது. பாவாடை, தலையணை உறை, திரைச்சீலை என்று நேர்கோடாகவே மூன்று மாதம். பிறகு லைனிங் இல்லாத ரவிக்கை. கடைசியாக, ஒரு வருஷம் கழித்து, ஹூக்!

நான் துள்ளிக் குதித்தேன். "அத்தே, இது பெரிய விஷயம்!" என்றேன். அத்தை பாபின் மாற்றியபடியே, "இன்னாடி பெரிய விஷயம்? உள்ள வந்து பாரு, எல்லாம் கீது" என்றார்.

உள்ளே போனேன். அந்த அறை இருக்கிறதே, வேஷக் கொட்டாய் தோற்றது போங்கள்!

முதலில் கண்ணில் பட்டது சுவர். தையல் சாக்கால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் தொடங்கி மேலே மேலே ஏறுகின்றன. குழந்தைகளின் உயரத்தை அளந்து கோடு போடுவோமே, அதே மாதிரி. ஆனால் இந்த வீட்டில் வளர்கிற வயதில் குழந்தை யாரும் இல்லை. வளர்ந்தது அத்தையின் கை! ஆபரேஷனுக்குப் பிறகு தோள் இறுகிப்போகாமல் இருக்கச் சுவரில் விரல்களை எறும்புபோல ஏற்றிக்கொண்டே போகச் சொல்வார்கள். அத்தை எந்த இடத்தில் கை நின்றதோ அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் 'ஆடி 18' என்று எழுதியிருக்கிறது. அடுத்த நான்கு கோடுகள் அதற்குக் கீழே இருக்கின்றன. "அது கரன்ட் வெச்ச வாரம். எறங்கிப்போச்சு." கடைசிக் கோடு எங்கே நிற்கிறது தெரியுமா? லைனிங் துணி அடுக்கிய பலகையின் உயரத்தில். அதோடு பயிற்சியை நிறுத்தவில்லை, ஆனால் கோடு போடுவதை நிறுத்திவிட்டார். துணியை எடுக்கக் கை எட்டினால் போதும், கூரையையா தொடப்போகிறோம்?

மெஷின் அதே பழைய மிதி மெஷின். ஆனால் மிதி மெஷினை எப்படிக் கிளப்புவோம்? வலது கையால் சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றிவிட்டுக் காலை ஓட்டுவோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தையல் நின்று நின்று தொடங்குகிறதோ அத்தனை தடவை. முப்பது வருஷத்தில் அத்தை கவனித்தே இராத அந்தச் சுழற்று, இப்போது தோளில் தெரிந்தது. ஒரு சின்ன மோட்டார் பொருத்திக் கால் சுவிட்ச் வைத்ததும் சுழற்று ஒழிந்தது. மோட்டாருக்குப் பணம் மகளிர் குழுக் கடன். தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் கொடுக்கிற திட்டம் வைத்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அத்தை அந்தப் பட்டியலில் வர மாட்டார். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன், அது ஒரு தனிக் கூத்து.

இஸ்திரிப் பெட்டி இடது பக்கத்துக்குக் குடிபோய்விட்டது. கணுக்கள் எடுத்த கையில் சூடு பட்டாலோ ஊசி குத்திப் புண் ஆனாலோ தொற்று சட்டென்று ஏறும், கை வீங்கும். அதனால் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அங்குஸ்தான் இப்போது விரலை விட்டு இறங்குவதே இல்லை. கைக்கு இறுக்கமான மீள்துணி உறை ஒன்று போட்டிருக்கிறார். இந்த உறை விஷயத்தில் மட்டும் அத்தைக்கு ஒரு மனக்குறை. "நான் ஊருக்கே கை வெச்சுத் தெச்சவ. எனக்கு ஒரு கை தெச்சுக்க வுட மாட்டேன்னுட்டா அந்தப் பொண்ணு." அந்தப் பொண்ணு என்பது பிசியோதெரபிஸ்ட். அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அழுத்தம் மணிக்கட்டில் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். அதற்கு அளவெடுத்துச் செய்த உறைதான் சரி, வீட்டில் தைத்தால் கணக்குத் தப்பிவிடும். தையல்காரியிடம் 'உனக்குத் தைக்கத் தெரியாது' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது எனக்கு.

சரி, துணி பட்டா பாலியெஸ்டரா என்று விரலால் தடவிப் பார்க்க முடியாதே, என்ன செய்கிறார்? இதை நான் ஒளிந்திருந்து பார்த்தேன். கஸ்டமர் துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் அத்தை அதைச் சட்டென்று கன்னத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். "பட்டு" என்றார். கன்னத்துக்கு மருந்து ஒன்றும் செய்யவில்லையாம்! ஒரு தடவை ஒரு அம்மாள் பார்த்துவிட்டு, "துணி மேல அவ்ளோ ஆசையா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாம்மா, உங்க செலக்சன் அப்படி" என்று சமாளித்திருக்கிறார் அத்தை.

அளவுகள் முன்பெல்லாம் மனசுக்குள் இருக்கும். தெருவில் போகிற எந்தப் பெண்ணைக் காட்டினாலும் பாடி அளவு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் ஒப்பிப்பார். கீமோவுக்குப் பிறகு மறதி. இதற்கு மருத்துவத்தில் 'கீமோ மூளை' என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. இப்போது கோடு போட்ட நோட்டு ஒன்று வந்திருக்கிறது. அப்புறம் அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி, வேலை செய்து வருகிற களைப்பிலிருந்து வேறானது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை. நடுவில் சாமியே வந்து ரவிக்கைக்கு அளவு கொடுத்தாலும் கதவு திறக்காது. பொங்கலுக்கு முந்தின வாரமும் இதுதான் சட்டம். இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்கிறார். நம்புகிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் தையல்காரர் வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அகராதியில் ஒரு கனமான பெயர் இருக்கிறது: தொழில்சார் மறுவாழ்வு. பெயரைக் கேட்டால் ஏதோ ஃபைல், முத்திரை, மூன்று பிரதி என்று தோன்றும். உள்ளே எட்டிப் பார்த்தால் கோடு, மோட்டார், அங்குஸ்தான், கன்னம்! வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டு, எந்தத் துண்டு எந்த உறுப்பிடம் கேட்கிறது என்று பார்த்து, கேட்ட உறுப்பு முடியாது என்றால் வேறொன்றிடம் கேட்பது. அவ்வளவுதான் அந்தக் கலை. ரவிக்கை தைப்பது ஒரு வேலை இல்லை, இருபது வேலை. அந்த இருபதில் எது கனம், எது லேசு என்பதைச் செய்கிற ஆளின் உடம்பைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

அகராதிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2009-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆங்கேலா டி பூர் குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் வேலை இல்லாமல் இருந்தவர்கள் 33.8 சதவீதம், நோய் வராதவர்களில் 15.2 சதவீதம். பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கணக்கு இது. அதே 2009-ல் இன்னொன்று வந்தது, அதைத்தான் நான் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கணுக்கள் எடுத்த கையால் கனம் தூக்கவே கூடாது என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்களே, அதை அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள். அவர்களில் ஒரு பாதியினர் மேற்பார்வையோடு, மிகக் குறைந்த எடையில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினார்கள். வீக்கம் கூடவில்லை. திடீர் திடீரென்று மோசமாகிற தொல்லையும் அவர்களிடம் குறைவாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: "அப்ப தண்ணிக் கொடம் தூக்கலாம்ன்ற?" ஒரேயடியாக இல்லை அத்தே, சொம்பிலிருந்து ஆரம்பித்து.

* * *

எட்டிப் பார்க்கிற பழக்கம் ஒரு வீட்டோடு நிற்குமா? அதே தெருவில் மண்டி வியாபாரி ஒருவர் இருக்கிறார், எனக்குப் பெரியப்பா முறை. வேர்க்கடலை வியாபாரம். வேர்க்கடலை என்றால் முறைப்பார், மல்லாட்டை என்று சொல்ல வேண்டும். மணிலாக்கொட்டை எங்கள் ஊருக்கு வந்து மல்லாட்டை ஆனது. மல்லாட்டையைப் பற்றித் திண்டிவனத்துக்காரரிடம் வாய் கொடுத்தால் தப்பிக்க முடியாது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று தேசமெங்கும் விதைத்த ரகங்களில் அந்த மூன்றெழுத்து எங்கள் திண்டிவனம்தான்! இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை அவை.

பெரியப்பாவுக்கு வாயில் புற்று. வெற்றிலை, புகையிலை, முப்பது வருஷம். தாடையில் ஆபரேஷன், கரன்ட். பிழைத்துக்கொண்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. வாய்க்குள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடிந்தால் சரியான திறப்பு. மில்லிமீட்டரில் 35-க்குக் கீழே போனால் இறுக்கம் என்று பெயர். பெரியப்பாவுக்கு ஒரு விரலுக்கே இடமில்லை. மல்லாட்டை வியாபாரி ஒரு நாளைக்கு எத்தனை கொட்டை கடித்துப் பார்ப்பார்! ஈரம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, காறல் உண்டா என்பதெல்லாம் பல்லுக்கும் நாக்குக்கும்தானே தெரியும்? கரன்ட் வைத்த வாயில் எச்சில் வற்றிவிடும், ருசியும் மங்கிவிடும்.

இவருடைய வேஷக் கொட்டாய் என்ன தெரியுமா? ஐஸ் குச்சி! சத்தியமாக. ஒரு குச்சி சுமார் 2 மில்லிமீட்டர் கனம். எத்தனை குச்சியை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் வைக்க முடிகிறதோ வைத்துச் சற்று நேரம் பொறுக்க வேண்டும். நாளாக ஆக இன்னொரு குச்சியை நடுவில் சொருக வேண்டும். மருத்துவமனைகளில் சொல்லித்தருகிற பயிற்சிதான் இது. பெரியப்பா நாலு குச்சியில் தொடங்கியிருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துக் குச்சி சேர்த்தாராம். "அவனுங்களுக்குச் சளி புடிச்சுது, எனக்கு வாயி தொறந்துது." இப்போது பதினான்கு. இட்லி போகிறது. கடலை கடிக்கப் பல் தயாராக இல்லை.

அப்புறம் மண்டியில் எப்படி? அதைப் பார்க்கக் காலை ஆறு மணிக்கு எழுந்து போனேன், எனக்கு அது பெரிய சாகசம். மூட்டையிலிருந்து ஒரு கை மல்லாட்டை அள்ளினார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கினார். கலகல! நன்றாகக் காய்ந்தால் பருப்பு தோலை விட்டுக் கழன்று உள்ளே ஆடும், ஈரமானது ஊமையாக இருக்கும். பிறகு ஒன்றை உடைத்து, பருப்பை இரண்டு விரலால் நசுக்கினார். எண்ணெய்ப் பசை விரலில் தெரிந்தது. காறல் பார்க்க மூக்கு. நாக்கு செய்த வேலையைக் காது, விரல், மூக்கு மூன்றும் பங்குபோட்டுக்கொண்டன. விலை பேசுவது மட்டும் இன்னும் பிரச்சினை, சொல் குழறுகிறது. ஆனால் மண்டியில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய தலைமுறையின் பிள்ளை அவர். நான்கு விரலைக் காட்டினால் எதிராளிக்குப் புரியாதா?

பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். அதை மட்டும் யாரும் தொடக் கூடாது. வாய் வறண்டால் வியாபாரம் வறண்டது.

* * *

இப்போது அந்தத் தனிக் கூத்து. வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சட்டம் பேசினால் எனக்கே கொட்டாவி வரும். ஆனால் இதற்குள்ளும் ஒரு ஓட்டை இருக்கிறது, எட்டிப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதில் 21 வகை. புற்றுநோய் அந்த 21-ல் இல்லை. ஆனால் பேச்சுக் குறைபாடு என்ற வகைக்கு விளக்கம் எழுதும்போது, குரல்வளையை எடுத்த நிலையை அந்தச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குரல்வளையை எதற்காக எடுப்பார்கள்? பெரும்பாலும் புற்றுநோய்க்காகத்தான்! ஆக, நோய் முன்வாசலில் நிற்க வேண்டும், அது விட்டுச்சென்ற காயம் கொல்லைப்புறமாக உள்ளே வரலாம். காலை எடுத்தால் வரலாம், குரல் போனால் வரலாம். அத்தையின் மரத்த விரலும் வீங்கும் கையும் அசதியும் வாசலிலேயே நிற்கும். இங்கிலாந்தின் 2010-ம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் புற்றுநோய் என்று கண்டறிந்த நாளிலிருந்தே அந்த ஆளுக்குப் பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் இது வர எவ்வளவு நாளாகும் என்று நான் ஜோசியம் சொல்லப்போவதில்லை.

விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடுகிற அரசுப் பேருந்துகளில் ஒரு கண்டக்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குரல்வளை போய்விட்டது. மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் போய்வருகிறது. என்ன நின்றுபோகும்? 'உள்ள போ, உள்ள போ' நின்றுபோகும் என்பது நமக்கே தெரியும். இன்னொன்றும் நிற்கும்: விசில்! வாய்க்கே காற்று வராதபோது விசில் எப்படி ஊதுவது? அதே 2016 சட்டத்தின் 20-வது பிரிவு, அரசுப் பணியில் இருக்கும்போது இப்படி ஆனவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அப்படி ஒன்று இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். பழைய 1995 சட்டத்திலேயே இது இருந்தது, 2003-ல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியும் செய்தது. குரலுக்கும் வழி உண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சின்ன வால்வு வைத்தால், துளையை விரலால் மூடிப் பேசலாம். வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்கில் விலை. பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் 'ஓம்' என்று பெயரிட்டு 50 ரூபாயில் ஒன்று உருவாக்கினார். ஐம்பது ரூபாய்க்குக் குரல்! இதைப் படித்த அன்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியாக இருந்தால், புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்கால உதவி உண்டு, கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. திண்ணையில் மெஷின் போட்ட அத்தைக்கு முதலாளியும் அத்தைதான், விடுப்பு விண்ணப்பத்தை அவர் அவருக்கே கொடுத்துக்கொள்ள வேண்டும்.

நூறு நாள் வேலை 2006-ல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதல் கட்டத்துக்கு எடுத்த ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அந்தச் சட்டம் எழுதியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். மண் வெட்டுகிற இடத்தில் குடிநீர் வேண்டும், நிழல் வேண்டும், ஆறு வயதுக்குக் கீழே ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும், அவருக்கும் அதே கூலி. வெயிலும் மண்வெட்டியும் ஆகாத உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது? ஆனால் அந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்கிற ஊர் அரசியல் இருக்கிறதே, அதற்குள் எட்டிப் பார்க்க எனக்கே தைரியமில்லை.

ரயில் பற்றி ஒரு வரி. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போகிறவர்களுக்கு ரயில்வே சலுகை தருகிறது, படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போன எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தச் சீட்டின் அருமை தெரியும். குணமாகி அதே தண்டவாளத்தில் வேலைக்குப் போனால் முழு டிக்கெட். விழுப்புரத்தில் ஏறி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று திண்டிவனம் வருகிற பாசஞ்சரில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் நினைத்தேன். பிழைத்ததற்குக் கட்டணம் வசூலிக்கிறார்கள்!

சென்னை கிண்டியில் மத்திய அரசின் மையம் ஒன்று இருக்கிறது. முன்பு அதன் பெயர் ஊனமுற்றோருக்கான தொழில்சார் மறுவாழ்வு மையம், இப்போது பெயர் நாகரிகமாகியிருக்கிறது. எனக்கு அங்கே பிடித்தது பெயரல்ல, கேள்வி. வருகிறவரிடம் எது முடியாது என்று தொடங்காமல், எது மிச்சமிருக்கிறது என்று தேடுவதற்காக எழுந்த இடம் அது. வேலையைக் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லி, மிச்சத்தை அளந்து, அதற்கேற்ற தொழில் எது என்று சொல்வார்கள். அத்தையின் சுவர்க் கோடுகளைப் பார்த்தபோது, கிண்டி ஒன்று திண்டிவனத்திலும் தொடங்கிவிட்டது என்று தோன்றியது எனக்கு.

* * *

கடைசியாக வைத்திருந்த ரகசியத்தை இப்போது சொல்லிவிடுகிறேன், இனிமேல் அடக்க முடியாது.

ஆபரேஷன் முடிந்து வந்த அத்தை, முப்பது வருஷமாக ஊருக்குத் தைத்த கையால் தனக்கு ஒரு ரவிக்கை போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் ஏறிக்கொண்டு நின்றது. அத்தைக்குத் துக்கம் இருந்ததோ என்னவோ, என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஃபிட்டிங் சரியில்லாத ரவிக்கைய போட்டுகினு தெருவுல போனா எவ தெக்கக் குடுப்பா?" தொழில் மானம்! பஞ்சு வைத்துப் பார்த்தார். வடிவம் வந்தது, கனம் வரவில்லை. குனிந்தால் மேலேறிக்கொண்டு கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அரிசி வைத்தார், உறுத்தியது. கம்பு வைத்தார், வியர்வையில் வாசனை வந்தது. கடைசியில் கடுகு! மெல்லிய காட்டன் பையில் கடுகு, வெளியே ஒரு சுற்றுப் பஞ்சு, அதற்கு மேல் மல்துணி. கடுகு உருளும், உடம்பு சாய்கிற பக்கம் தானும் சாயும், நிமிர்ந்தால் நிமிரும். மளிகைத் தராசில் வைத்து இடது பக்கத்தோடு எடையை ஒப்பிட்டது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், நானும் கேட்டேன், அடி வாங்கினேன். மாதத்துக்கு ஒரு தடவை பையைப் பிரித்துக் கடுகை மாற்றிவிடுகிறார். பழைய கடுகு தாளிக்கப் போகிறதா என்பதும் வீட்டு ரகசியம்.

நான் அங்கிருந்து கிளம்புகிற நாள். சாயங்காலம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நெட்டையான ஆள், கன்னம் மழமழவென்று இருந்தது, புருவம் மட்டும் ஒழுங்காக மெலிந்திருந்தது. பார்த்ததும் எனக்கு ஓலைத் தட்டி ஓட்டை ஞாபகம் வந்துவிட்டது. கூத்துக்காரர்! பெண் வேஷம் கட்டுகிறவர். அக்னி வசந்த விழாவுக்குப் பாஞ்சாலி ரவிக்கை வேண்டும், பச்சைப் பட்டு, ஜரிகை வைத்து.

அத்தை துணியைக் கன்னத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, "பாலியெஸ்டர்" என்றார். அவர் அசடு வழிந்தார்.

அளவெடுக்கும்போது அவரே ஆரம்பித்தார். "அக்கா, ஒரு சங்கடம். துணிய உருட்டி உள்ள வெக்கறன். துகிலுரியற கட்டத்துல கையத் தூக்கிக் கும்பிட்டா ரெண்டும் கழுத்துக்கு வந்துடுது. ஜனம் சிரிக்குது. அழுவற எடத்துல சிரிச்சா எப்படிக்கா?"

அத்தை நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு உள்ளே போய் வெட்டி வைத்த காட்டன் பை ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"இதுல கடுக போடு. துணி உருட்டாத, கடுகு. நீ சாஞ்சா சாயும், கும்பிட்டா எடத்துலயே நிக்கும்."

அவர் பையைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அக்கா, அப்ப இதே மாதிரி ரெண்டு தெச்சுக் குடுத்துடுங்க."

"பாத்தியாடி," என்றார் அத்தை என்னிடம், "எனக்கே ஒண்ணுதான். இவருக்கு ரெண்டு கேக்குது!"